"பேசட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க"

இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாத பிள்ளையை வைத்திருக்கும் அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும். "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பார் பாட்டி. "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான்" என்பார் எதிர்வீட்டுக்காரர். கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் பேச்சு வராததற்குக் காது கேளாமையே காரணமாக இருந்தால்? காக்ளியர் கருவி பொருத்துவதற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வயது வரம்பு 6. அதிலும் எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு தெளியும். காத்திருந்த மாதங்கள் பிள்ளையின் கணக்கில்தான் கழிகின்றன.

ஒன்பது மாதம் கடந்தும் தானாக உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதானாலும் அந்த வாரமே.

எங்கே காட்டுவது? 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு 2 முறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். அங்கே போய் இந்த நீண்ட பெயரைச் சொன்னால் விழிப்பார்கள், 'டி.இ.ஐ.சி. எங்கே?' என்று கேளுங்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

அடுத்த சுவர் பள்ளி வாசலில். "பேசட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று பிளே ஸ்கூலில் திருப்பி அனுப்புகிறார்கள். நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்பது போலத்தான் இது. பேச்சும் விளையாட்டும் தன் முறைக்குக் காத்திருப்பதும் மற்ற பிள்ளைகளோடு இருந்தால்தான் வரும். வாரத்துக்கு ஒரு மணி நேர தெரபி எவ்வளவு நன்றாக இருந்தாலும், மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளை டிவி முன்னால் என்றால் பலன் குறைவுதான்.

வகுப்பில் சேர்த்துக்கொள்ளப் பெரிய செலவு ஆகும் என்பதும் வீண் பயம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையை நாற்காலியில் உட்கார வைக்கிறோம் என்று வையுங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. விழாமல் இருக்க இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. சோறு தட்டில் ஆறுகிறது. பார்ப்பவர் "இதுக்குச் சாப்பிடத் தெரியாது" என்று முடிவு கட்டி ஊட்டிவிடுகிறார். காலடியில் இரண்டு செங்கல்லை வைத்துப் பாருங்கள். பாதம் ஊன்றியதும் உடம்பு நிலைக்கும், கை விடுபடும், மெல்லத் தட்டை நோக்கிப் போகும். கரண்டியின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடியும் சிக்கும். பேசாத பிள்ளைக்குத் தம்ளர் படம் ஒட்டிய அட்டை போதும்; தாகம் எடுத்தால் தொட்டுக் காட்டும். அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். அது பேச்சுக்குத் துணைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு ஏற்ற உதவிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. "அம்மா கூடவே உட்காரணும்", "ஷேடோ டீச்சருக்கு நீங்களே சம்பளம் கொடுங்க" என்று நிபந்தனை போட்டால் இந்தப் பிரிவை எடுத்துக் காட்டலாம். ஓட்டையும் உண்டு: கட்டாயக் கல்விச் சட்டத்தின் உத்தரவாதம் 6 வயதில்தான் தொடங்குகிறது, தெருவுக்குத் தெரு முளைக்கும் பிளே ஸ்கூல்களில் அங்கீகாரம் இல்லாதவை இருக்கின்றன. பணம் கட்டும் முன் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அங்கன்வாடியில் இந்தத் தொல்லை இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லாமலே சேர்க்கலாம். இப்பிள்ளைகளைக் கண்டறிந்து சேர்த்துக்கொள்வதற்கான வழிமுறைகளை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது.

பயந்த பெற்றோரைச் சுற்றி வியாபாரமும் நடக்கிறது. ஸ்டெம் செல் ஊசியால் ஆட்டிசம் குணமாகும் என்று லட்சங்களைக் கறப்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. பேச்சுப் பயிற்சியாளரோ சிறப்பாசிரியரோ யாராக இருந்தாலும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறிடம் பார்க்கலாம்.

இடம் மறுத்தால் வாய்ச்சண்டை வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தரமாட்டார்கள். அன்றைக்கே நடந்ததை நீங்களே எழுதிப் பள்ளிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பிறகு கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமோ திங்கள்கிழமைக் குறைதீர் நாளிலோ மனு கொடுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். விசாரணைக்கு ஆளை வரவழைக்க சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. எங்கே மனு கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.