எந்த ஆங்கில வேதாகமத்தை வாங்குவது?

புலம்பெயர்ந்து வாழும் எம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் மாலைச் செபவேளையில் இரு வேதாகமங்கள் விரிகின்றன. பெற்றோரின் கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ் வேதாகமம். பிள்ளைகளின் கையில் ஆங்கில வேதாகமம். பிள்ளைக்கென ஒன்றை வாங்கக் கடைக்குச் செல்லும் பெற்றோர், வெவ்வேறு பெயர்களில் அடுக்கப்பட்டிருக்கும் மொழிபெயர்ப்புகளைக் கண்டு திகைப்பதுண்டு. எதைத் தெரிவு செய்வது?

ஆங்கிலத்தில் நெடுங்காலம் கோலோச்சியது 1611ஆம் ஆண்டில் வெளியான ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பேயாகும். அதன் ஓசைநயம் இன்றும் போற்றப்படுகின்றது. ஆயினும் நான்கு நூற்றாண்டுகளில் சொற்களின் பொருள் மாறிவிட்டது. இன்று 'இடங்கொடு' எனப் பொருள்படும் 'லெட்' என்னும் சொல், அந்நூலில் ஓரிடத்தில் 'தடு' என்னும் நேரெதிர்ப் பொருளில் நிற்கின்றது. ஆங்கிலப் பாடசாலையில் கற்கும் பிள்ளையும் இங்கே தடுமாறும்.

பிற்காலத்து மொழிபெயர்ப்புகள் இரு வழிகளில் செல்கின்றன. மூலத்தின் சொல்லைச் சொல்லாகவே தர முயல்வது ஒன்று. 2001இல் வெளியான 'இங்கிலிஷ் ஸ்டாண்டர்ட்' இவ்வகையினது. கருத்தை எளிய நடையில் தருவது மற்றொன்று. 1976இல் முழுமையாக வெளியான 'குட் நியூஸ்' இவ்வகையினது. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் எம்மவர்க்கு இது பெரிதும் உதவும். 1978இல் முழுமையாக வெளிவந்து 2011இல் திருத்தப்பட்ட 'நியூ இன்டர்நேஷனல்' இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

ஒன்றாக வாசிக்கும்போது வேறொரு குழப்பமும் எழலாம். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தின் 37ஆம் வசனம் எமது பழைய தமிழ் வேதாகமத்தில் உண்டு. 'நியூ இன்டர்நேஷனலில்' அது அடிக்குறிப்புக்குச் சென்றுவிட்டது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அவ்வசனம் இல்லாமையே காரணம். எவரும் வேதத்தைச் சிதைத்துவிட்டதாகப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளைக்கு இதனை விளக்கிக் கூறினால் போதும். கத்தோலிக்கக் குடும்பத்தினரோ 73 நூல்களும் அடங்கிய பதிப்புத்தானா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். புரட்டஸ்தாந்துப் பதிப்புகள் பலவற்றில் 66 நூல்களே உள்ளன.

அகதிகளாய் வந்த எம்மைத் தொடும் சொல் ஒன்றும் உண்டு. தம்மிடையே வந்து தங்கியிருப்பவனைத் தம்மவனைப் போல நேசிக்குமாறு லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகின்றது. அவனைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'கேர்' என்பதாகும். இதனை ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு 'ஸ்ட்ரேஞ்சர்' என்றது. 1978இன் 'நியூ இன்டர்நேஷனல்' 'ஏலியன்' என்றது. 2011இல் அதுவே 'ஃபாரினர்' என மாறியது. அதே ஆண்டில் முழுமையாக வெளியான 'காமன் இங்கிலிஷ்' மொழிபெயர்ப்போ 'இமிகிரன்ட்' என்கின்றது. குடிவரவு அலுவலகப் படிவங்களில் 'ஏலியன்' என்னும் சொல்லைக் கண்டு மனம் நொந்தவர்க்கு, மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுக்கும் ஒரு சொல்லின் கனம் எத்தகையதென நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, ஒன்றே சிறந்ததென நாம் கூறோம். வாங்குமுன் பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நன்கறிந்த ஓர் அதிகாரத்தை இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளில் பிள்ளையே வாசித்துப் பார்க்கட்டும். தங்குதடையின்றி வாசித்து, வாசித்ததன் பொருளைத் தமிழில் உங்களுக்கு எடுத்துச் சொல்ல அதனால் முடியுமாயின், அந்நூலையே வாங்குங்கள். தமிழ் வேதாகமத்தை மட்டும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். இரண்டும் அருகருகே விரிந்திருக்கும்வரை பிள்ளை உங்களிடமும் நீங்கள் பிள்ளையிடமும் கேட்டறிய ஏதேனும் இருந்துகொண்டே இருக்கும்.