பரணில் தூங்கும் பழைய லேப்டாப்... தருமபுரி தண்ணீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!' இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் தருமபுரி மாவட்டத்தில் ஏராளம். இப்போது பேரீச்சம்பழம் போய் ரொக்கம் வந்துவிட்டது. வண்டியில் ஏறும் பொருள்களும் மாறிவிட்டன. உடைந்த கீபோர்டு, டப்பா டி.வி, சார்ஜ் ஏறாத லேப்டாப், கருகிப்போன யு.பி.எஸ் என ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடையே அந்த வண்டியில் போகிறது. ஆனால், அந்த ஈயம் மட்டும் எங்கேயும் போகவில்லை. பழைய டி.வி-யின் கண்ணாடிக்குள்ளும், பழைய சர்க்யூட் போர்டின் பற்றவைப்புக்குள்ளும் ஒளிந்துகொண்டு அதே வண்டியில்தான் பயணம் செய்கிறது.

அந்த வண்டி எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது? தண்ணீருக்காகப் பல ஆண்டுகள் போராடிய தருமபுரி மாவட்டம் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இத்தனை கணினிகள் எப்படி வந்தன?

2006-ல் தொடங்கிய இலவச கலர் டி.வி திட்டம், தமிழகம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டி.வி கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கைக்கு லேப்டாப் போனது. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி என ஏழு தாலுகாக்களிலும், அரசுப் பள்ளியில் படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் கணினியை முதன்முதலில் தொட்டுப் பார்த்தது அந்த லேப்டாப்பில்தான். அந்தத் திட்டம் திறந்துவிட்ட கதவைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அடுத்து, தமிழகத்தின் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. இ-சேவை மையம், ஊராட்சி அலுவலகம், கூட்டுறவு சங்கம், ரேஷன் கடை என எல்லா இடத்திலும் ஏதோ ஒரு கருவி வந்து உட்கார்ந்துவிட்டது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என 2025-26 பட்ஜெட்டிலும் அறிவிப்பு வெளியானது.

கணினி வருகிற நாளில் விழா நடக்கிறது. அது போகிற நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2011-ல் வாங்கிய லேப்டாப்புக்கு இப்போது கிட்டத்தட்ட 15 வயது. பல வீடுகளில் அது பரணில் இருக்கிறது. இல்லாவிட்டால், ஏற்கெனவே எடைக்குப் போயிருக்கும்.

விண்டோஸ் 10 முடிந்ததால் கணினியும் முடிந்ததா?

இந்த நேரத்தில்தான் இன்னொரு நெருக்கடி. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் முதல் புதிய ரக பிராசஸர் வரை பல நிபந்தனைகள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள்கூட இந்தத் தேர்வில் ஃபெயில் ஆகின்றன. இதனால் உலகம் முழுக்க 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்திருந்தது.

ஸ்கிரீன் எரிகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, ஆனாலும் 'பழசாகிவிட்டது' என்று ஓரங்கட்டப்படுகிறது. அப்படியானால் புதுசு வாங்குவதுதான் ஒரே வழியா?

இல்லை. வீட்டில் பயன்படுத்துபவர்கள், தங்கள் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துப் பதிவு செய்தால், 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்டைக் கட்டணமில்லாமல் பெற வழி இருக்கிறது. அதைவிட நீண்டகாலத் தீர்வு, லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம். பழைய கணினிகளுக்கென்றே எடை குறைந்த லினக்ஸ் வகைகளும் இருக்கின்றன. இது தமிழகத்துக்குப் புதிதும் அல்ல. 2006-க்குப் பிறகு, சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' இந்திய மொழிகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது.

பக்கத்து மாநிலமான கேரளாவில் அரசுப் பள்ளிகளின் கணினிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் இயங்குகின்றன. பள்ளிகளில் சேரும் மின்னணுக் கழிவை, 'கிளீன் கேரளா' என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. கணினியைக் கொடுக்கும் துறையே, அதன் கடைசி நாளுக்கும் பொறுப்பேற்கும் முறை இது.

ஒரு கணினிக்கு 100 குடம் தண்ணீர்!

'பழசை ஏன் இழுத்துப் பிடிக்க வேண்டும்? புதுசு கரன்ட் குறைவாகத்தானே எடுக்கும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கார்பன் பாதிப்பில் பெரும்பகுதி, அதை நாம் சுவிட்ச் ஆன் செய்வதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. சுரங்கம், உருக்காலை, சிப் தயாரிப்பு என எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும்.

ஐ.நா பல்கலைக்கழகம் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, பழைய ரக மானிட்டருடன் ஒரு டெஸ்க்டாப் கணினியைத் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 லிட்டர் தண்ணீர் தேவைப்படுவதாகச் சொன்னது. ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 100 குடம். கோடையில் ஒரு குடம் தண்ணீரின் அருமை தெரிந்த பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கத்துப் பெண்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லை.

அதனால், கணினி விஷயத்தில் சுற்றுச்சூழலுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவி, அதன் ஆயுளைக் கூட்டுவதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள லேப்டாப், செல்போன், வாஷிங் மெஷின், வாக்குவம் கிளீனர் ஆகியவற்றின் ஆயுளை ஒரே ஓர் ஆண்டு நீட்டித்தால், ஆண்டுக்கு 40 லட்சம் டன் கார்பன் டை ஆக்ஸைடு மிச்சமாகும் என்று 2019-ல் ஐரோப்பிய சுற்றுச்சூழல் அமைப்புகளின் கூட்டமைப்பு கணக்கிட்டது.

தருமபுரிக்கு இது ஏன் கூடுதல் முக்கியம்?

நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பிலேயே பார்த்த மாவட்டம் இது. இங்குள்ள பாறைகளில் இயற்கையாகவே இருக்கும் ஃபுளூரைடு, கிணற்றிலும் போர்வெல்லிலும் கரைந்து வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் பற்களில் கறை படியும், எலும்பு பாதிக்கப்படும். பல கிராமங்களில் இரண்டு தலைமுறை இதை அனுபவித்தது. இதைச் சரிசெய்ய, ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட வேண்டியிருந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

யாரும் செய்யாத தவறுக்கு, இயற்கை கலந்த ஒரு பொருளுக்கு, இவ்வளவு செலவு. அப்படியென்றால், நாமே மண்ணில் கொட்டும் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் யார் பதில் சொல்வது?

சீனாவின் குய்யூ நகரம் இதற்கு ஓர் எச்சரிக்கை. உலகத்தின் பழைய கணினிகள் அங்கே குவிந்தன. செம்புக்காக வயர்களை எரித்தார்கள். தங்கத்துக்காக போர்டுகளை ஆசிட்டில் முக்கினார்கள். அங்கே நிலத்தடி நீரைக் குடிக்க முடியாமல், வெளியூரிலிருந்து லாரியில் குடிநீர் வந்ததை 2002-ல் ஓர் அறிக்கை உலகுக்குச் சொன்னது. குய்யூ குழந்தைகளின் ரத்தத்தில், பக்கத்து ஊர்க் குழந்தைகளைவிட ஈயம் அதிகமாக இருப்பதை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்தத்தில் ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தருமபுரி, குய்யூ அல்ல. ஆனால், ஊருக்கு வெளியே புறம்போக்கில் வயரை எரித்துச் செம்பு எடுக்கும் அந்தக் கரும்புகை, சிறிய அளவில் நடக்கும் அதே வேலைதான். இதில் காயலான் கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பழைய பொருளைத் தூக்கிப்போடாமல் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முதல் ஆள் அவர்தான். விஷம் எது என்று சொல்லாமல் அவர் கையில் கொடுத்துவிடுவதுதான் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 106 வகைப் பொருள்களுக்குப் பொருந்தும். தயாரித்து விற்ற நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பதுதான் இதன் அடிப்படை. 'மொத்தப் பயனாளர்' எனப்படும் பெரிய நிறுவனங்கள், பதிவு பெற்ற நிறுவனங்களிடம்தான் கழிவைக் கொடுக்க வேண்டும்.

ஆனால், ஓர் ஆண்டில் குறைந்தது 1,000 கருவிகளைப் பயன்படுத்தினால்தான் 'மொத்தப் பயனாளர்' பட்டியலில் வர முடியும். 20 கணினி வைத்திருக்கும் பள்ளியோ, இரண்டு கணினி வைத்திருக்கும் ஊராட்சியோ, நான்கு கணினி வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையோ தனித்தனியாக அந்தக் கணக்கில் வராது. தருமபுரி போன்ற மாவட்டத்தின் கணினிகளில் பெரும்பாலானவை இருப்பது இப்படிப்பட்ட சின்னச் சின்ன இடங்களில்தானே? சட்டத்தின் வலையில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான்.

இதை அடைக்க வழி, சேர்ந்து செய்வது. ஒரு ஒன்றியத்தின் பள்ளிகள், அலுவலகங்கள் எல்லாம் ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, ஓரிடத்தில் கழிவைச் சேர்த்தால், பதிவு பெற்ற நிறுவனத்துக்கு லாரி அனுப்பக் கட்டுப்படியாகும். தூரமும் அதிகமில்லை. இந்தியாவின் முன்னோடி மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனமான 'இ-பரிசரா' 2005 முதல் இயங்குவது பெங்களூரு அருகே தாபஸ்பேட்டையில். தருமபுரி வழியாக ஓடும் தேசிய நெடுஞ்சாலை, பெங்களூருக்குத்தான் போகிறது.

பேட்டரி மட்டும் எப்படித் திரும்பிப் போகிறது?

'இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா?' என்ற சந்தேகம் வரலாம். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். அதுவும் ஈயம்தான். ஆனால், யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதிதின் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். அதனால் கடைக்கே தூக்கிக்கொண்டு போகிறோம். அதே எக்ஸ்சேஞ்ச் முறை, கணினி வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு நிபந்தனையாக வந்துவிட்டால்? '20 புதுசு தருகிறாய் என்றால், 20 பழசை எடுத்துப்போய்ப் பதிவு பெற்ற இடத்தில் சேர்த்த ரசீதைக் காட்டு' என்ற ஒரு வரி போதும்.

இன்றே செய்யக்கூடியவை

* பதிவேடு: ஒவ்வொரு கணினிக்கும் வாங்கிய தேதி, வாரன்டி, செய்த ரிப்பேர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். எது நிஜமாகவே முடிந்துபோனது, எதற்கு 500 ரூபாய் செலவு செய்தால் ஓடும் என்பது அப்போதுதான் தெரியும்.

* உயிர் கொடுங்கள்: ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி போடுவது, ரேம் கூட்டுவது, உள்ளே தூசி தட்டுவது. சில ஆயிரம் ரூபாயில் பழைய கணினி இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஐந்து பழுதான கணினிகளின் பாகங்களைச் சேர்த்தால், இரண்டு நல்ல கணினிகள் கிடைக்க வாய்ப்புண்டு.

* இரவில் அணையுங்கள்: 60 வாட் இழுக்கும் ஒரு டெஸ்க்டாப்பை மாலை 5 மணிக்கு அணைக்காமல் போனால், மறுநாள் காலை 9 மணிக்குள் கிட்டத்தட்ட ஒரு யூனிட் கரன்ட் போய்விடும். 20 கணினி உள்ள லேபில் ஒரே இரவில் 19 யூனிட். நம் நாட்டு மின்சாரக் கணக்கில், சுமார் 13 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு.

* உப்பிய பேட்டரி ஆபத்து: பரணில் இருக்கும் லேப்டாப்பை இன்றே இறக்கிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். ஓட்டு வீட்டின், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கோடை வெப்பத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

* தகவலை அழியுங்கள்: கொடுப்பதற்கு முன் ஆதார் நகல், போட்டோ, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் முழுமையாக அழித்துவிடுங்கள். தகவல் திருடுபோகுமோ என்ற பயத்திலேயே பலர் பழைய கருவியை வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

* வாங்கும்போது கேளுங்கள்: ஸ்பேர் பார்ட்ஸ் எத்தனை வருடம் கிடைக்கும், ரேமைக் கூட்ட முடியுமா, பழசை எடுத்துக்கொள்வீர்களா? இந்த மூன்று கேள்விகளும் விலையைப் போலவே முக்கியம். நிறுவனங்களின் ரிப்பேர், ஸ்பேர் பார்ட்ஸ் விவரங்களை ஓரிடத்தில் தரும் இணையதளத்தை, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது.

2022-ல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது என்கிறது ஐ.நா அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவிகிதம்தான். மீதியில் ஒரு துளி, உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். அது மண்ணுக்குப் போவதா, ஒரு பள்ளிப் பிள்ளையின் மேசைக்குப் போவதா, மறுசுழற்சி ஆலைக்குப் போவதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். கெட்டுப்போன தண்ணீரைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்பதை இந்த மாவட்டம் ஒருமுறை பார்த்துவிட்டது. இன்னொரு முறை பார்க்க வேண்டாமே!