கம்பெனி மாறலாம், நம்பர் மாற வேண்டாம்! செல் நம்பரை காப்பாற்றுவது எப்படி?

சென்னை: ஆட்டோ பின்னால் எழுதிய நம்பர், பிளம்பர் கார்டில் அடித்த நம்பர், பேங்கில் கொடுத்த நம்பர்... இது போச்சுன்னா பொழப்பே போச்சு! ஆனால் செல்போன் கம்பெனி பிடிக்கவில்லை என்பதற்காக நம்பரை விட வேண்டியதில்லை.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் 'போர்ட்' வசதி 2011 ஜனவரி 20ல் நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலை 3 முதல் வேறு மாநிலம் போனாலும் அதே நம்பரை வைத்துக் கொள்ளலாம்.

எப்படி மாறுவது?

ஆங்கிலத்தில் 'போர்ட்' என டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்க 10 இலக்க நம்பரை போட்டு 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. 8 எழுத்து கொண்ட ரகசிய கோடு வரும். தமிழகத்தில் இது 4 நாள் தான் செல்லும். அதற்குள் கோடு, ஆதாருடன் புது கம்பெனி கடைக்கு போகணும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே போவது நல்லது. தமிழகத்துக்குள் என்றால் 3 வேலை நாளில் மாறிவிடும்.

பழைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருந்தால் கோடு வராது. பிரீபெய்டு பேலன்சும் கூட வராது.

தள்ளிப் போடாதீங்க!

2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழகத்தில் படுத்தது. முன்பே மாறியவர்கள் நம்பரோடு தப்பித்தார்கள். சிக்னல் போன பிறகு முயன்றவர்கள் எஸ்.எம்.எஸ். கூட அனுப்ப முடியாமல் திண்டாடினார்கள். சிக்னல் இருக்கும்போதே மாறுவது தான் புத்திசாலித்தனம்.

ஜாக்கிரதை!

ரகசிய கோடை யாரிடமும் சொல்லாதீங்க. அது கிடைத்தால் மோசடி ஆசாமி உங்க நம்பரை தன் சிம்முக்கு மாற்றப் பார்ப்பான். பேங்க் ஓ.டி.பி. அவனுக்கு போகும். இதைத் தடுக்கவே, தொலைந்த சிம்முக்கு பதில் புது சிம் வாங்கினால் 7 நாளுக்கு கோடு தரக்கூடாது என்ற விதி 2024 ஜூலை 1ல் வந்தது. கேட்காமலேயே கோடு வந்தால் உடனே கஸ்டமர் கேருக்கு சொல்லுங்க.

இரண்டாவது சிம்மை டிராயரில் போட்டு மறந்தவர்களும் கவனிக்கணும். 90 நாள் பேச்சு, எஸ்.எம்.எஸ்., நெட் எதுவுமே இல்லாமல் கிடந்தால் கம்பெனி கட் செய்யலாம். பிரீபெய்டில் 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாள் விடுவார்கள். கட் ஆன நம்பர் பிறகு வேறு ஒருவர் கைக்கு போகும். அதற்கு முன் பேங்க், ஆதார், கேஸ் எல்லாவற்றிலும் நம்பரை மாற்றிவிடுங்க!