சிறிய இணையதளத்திற்குத் தனி ஐபி முகவரி தேவையா?

துணிக்கடை, தையலகம், மழலையர் பள்ளி, பயண முகவர் அலுவலகம் என்று சிறு தொழில் நடத்தும் நம் குடும்பங்களில் பலரும் இப்போது சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். ஹோஸ்டிங் வாங்கும்போதோ ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போதோ பில்லில் 'டெடிகேட்டட் ஐபி' என்று ஒரு வரி கூடுதலாக வந்து நிற்பதுண்டு. "அது இருந்தால்தான் தளம் பாதுகாப்பாக இருக்கும், வேகமாகத் திறக்கும், கூகுளில் முன்னால் வரும்" என்று விற்பவர் சொல்வார். விவரம் புரியாததால், நமக்கு எதற்கு வம்பு என்று பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இந்தச் செலவு யாருக்குத் தேவை, யாருக்கு வீண் என்பதைப் பார்ப்போம்.

ஒரே கதவு எண், பல குடித்தனங்கள்

இணையத்தில் தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போய்ச் சேர எண்களால் ஆன ஒரு முகவரி வேண்டும். அதுதான் ஐபி முகவரி. நாம் தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தாலும், பின்னணியில் அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே தளம் திறக்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு தனி எண் வேண்டாமா? காம்பவுண்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் கதவு எண் ஒன்றுதான். உள்ளே பத்துக் குடித்தனங்கள் இருக்கும். கடிதத்தில் கதவு எண்ணோடு பெயரும் இருப்பதால் தபால் சரியான வீட்டுக்குப் போய்விடுகிறது. இணையத்திலும் இதே ஏற்பாடுதான். 1997-இல் வெளியான எச்டிடிபி 1.1 தரநிலை, எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்ற பெயரையும் உலாவி சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்தப் பெயரைப் பார்த்து சர்வர் உரிய தளத்தை எடுத்துக் கொடுக்கிறது. ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இயங்குவது இப்படித்தான். இதைப் பகிர்வு ஐபி என்கிறோம்.

பகிர்ந்துகொள்ள வலுவான காரணமும் உண்டு. இன்றும் பெருமளவில் புழங்கும் ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். உலக அளவில் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஐபிவி6 என்ற புதிய முறையில் பஞ்சமே இல்லை என்றாலும், எல்லா இணைப்புகளும் இன்னும் அதற்கு மாறவில்லை. எனவே பழைய முகவரிகளுக்கு விலை வந்துவிட்டது. அமேசானின் கிளவுட் சேவையே 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 44 டாலர் கட்டணம் வாங்குகிறது.

காலாவதியான ஒரு காரணம்

"பூட்டுச் சின்னம் வர, அதாவது எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு, தனி ஐபி கட்டாயம்" என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு ஏற்படும் முன்பே சர்வர் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். அந்தக் கட்டத்தில் வந்திருப்பவர் எந்தத் தளத்தைத் தேடுகிறார் என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒரு சான்றிதழுக்கு ஒரு முகவரி என்று வைத்தார்கள்.

எஸ்என்ஐ என்ற நீட்டிப்பு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இணைப்பின் முதல் வரியிலேயே உலாவி தளத்தின் பெயரைச் சொல்லிவிடும். 2003-லேயே தரநிலை வந்துவிட்டாலும், விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இது புரியாது. அதனால் எக்ஸ்பி புழக்கத்தில் இருந்தவரை தனி ஐபிக்கு நியாயம் இருந்தது. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. இன்றைய கைபேசிகளும் உலாவிகளும் எஸ்என்ஐயை அறியும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சான்றிதழை இலவசமாகவே தருகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்களில் அதைப் பகிர்வு ஐபியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

வேகமும் கூகுளும்

தளம் மெதுவாகத் திறந்தால் தனி ஐபி அதைச் சரிசெய்யாது. வேகம் சர்வரின் திறன், நினைவகம், படங்களின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. பகிர்வு ஹோஸ்டிங்கில் இருந்துகொண்டு தனி ஐபி மட்டும் வாங்குவது, அதே காம்பவுண்டு வீட்டில் நம் கதவுக்கு மட்டும் புது எண் எழுதிக்கொள்வது போன்றது. கிணறும் முற்றமும் பொதுவாகவே இருக்கும். பக்கத்துக் குடித்தனத்தின் நெரிசலும் குறையாது.

பகிர்வு ஐபியால் தேடல் வரிசையில் பின்தங்க மாட்டீர்கள் என்று கூகுள் தரப்பினர் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதுகாப்பும் அப்படியே. தளங்கள் பெரும்பாலும் களவுபோவது புதுப்பிக்காத வேர்ட்பிரஸ் செருகுநிரல்களாலும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களாலும்தான். அந்த ஓட்டைகளைத் தனி எண் அடைக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் தவறு

பகிர்வு ஐபியில் மெய்யான சங்கடம் ஒன்று உண்டு. ஒருவர் செய்த தவறுக்கு அதே எண்ணில் இருப்பவர்கள் எல்லோரும் பதில் சொல்ல நேரலாம்.

மின்னஞ்சலில்தான் இது அதிகம் தெரியும். அதே சர்வரில் உள்ள யாரோ ஒருவர் குப்பை அஞ்சல்களை அனுப்பித் தள்ளினால், ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் அந்த ஐபியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். அதன் பிறகு நீங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியலும் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழும், அல்லது திரும்பி வந்துவிடும். ஆர்டர் ஏன் வரவில்லை என்று தெரியாமலே வியாபாரம் கைநழுவிப் போகும்.

தளமே முடங்குவதும் உண்டு. 2022 ஆகஸ்ட் இறுதியில், காப்புரிமை மீறிய சில தளங்களைத் தடுப்பதற்காக ஆஸ்திரியாவில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சில ஐபி முகவரிகள் முடக்கப்பட்டன. அவற்றைப் பகிர்ந்துகொண்டிருந்த, வழக்கிற்குத் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களும் அந்நாட்டில் திறக்காமல் போயின.

இதற்காக உடனே தனி ஐபி வாங்க ஓட வேண்டியதில்லை. எம்எக்ஸ் டூல்பாக்ஸ் போன்ற தளத்தில் உங்கள் ஐபி எண்ணைக் கொடுத்தால், அது தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம். இருந்தால், வேறு பகிர்வு ஐபிக்கு மாற்றித் தரும்படி ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேளுங்கள். தொழில் மின்னஞ்சலை ஜோஹோ, கூகுள் போன்ற தனிச் சேவைக்கு மாற்றி, டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதை ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் எல்லா அனுப்புநர்களுக்கும் விதியாகவே வைத்திருக்கிறது.

யாருக்குத் தனி ஐபி வேண்டும்?

1. உங்கள் தளம் தொடர்புகொள்ளும் வங்கி, கட்டண நுழைவாயில் அல்லது எஸ்எம்எஸ் சேவை, "பதிவு செய்த ஐபியிலிருந்து வந்தால் மட்டுமே ஏற்போம்" என்று நிபந்தனை வைத்தால்.

2. சொந்த அஞ்சல் சர்வரிலிருந்து அன்றாடம் ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பினால். நாளுக்குப் பத்து அஞ்சல் அனுப்புபவருக்கு இது உதவாது. புதிய ஐபிக்கு நற்பெயர் உருவாக அந்த அளவு போதாது.

3. எஸ்என்ஐ தெரியாத பழைய கருவிகள் உங்கள் தளத்துடன் இணைய வேண்டியிருந்தால்.

விபிஎஸ் எனப்படும் தனிச் சர்வர் பகுதியை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு ஐபி அதனுடனே வந்துவிடும். அதற்கு மீண்டும் பணம் கட்டும் முன் திட்டத்தின் விவரத்தைப் படித்துப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "என் தளத்தில் இந்த ஐபி இல்லாமல் எந்த வேலை நடக்காது?" "தளத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளும் மின்னஞ்சலும் இதே ஐபியிலிருந்துதான் போகுமா?" இரண்டாவது கேள்வி முக்கியமானது. பகிர்வு சர்வர்களில் தனி ஐபி வாங்கிய பிறகும், வெளியே செல்பவை சர்வரின் பொது எண்ணிலிருந்தே போவதுண்டு. அப்படியானால் மேலே சொன்ன முதல் இரண்டு தேவைகளுக்கும் அந்த ஐபி பயன்படாது.

இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் அந்த வரியைப் பில்லிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் தொகையைத் தளத்தைத் தவறாமல் பேக்கப் எடுத்து வைப்பதற்குச் செலவிட்டால், ஆபத்து நேரும் நாளில் அது கைகொடுக்கும்.