புதிய கடல்நீர்த் தொட்டியில் துறவி நண்டு வளர்ப்பு

துறவி நண்டு என்பது காலியான சங்கு, நத்தை ஓடுகளுக்குள் வாழும் பத்துக்காலி உயிரினம் ஆகும். முனிவர் நண்டு என்றும் இது அழைக்கப்படும். உலகில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தமிழகக் கடற்கரையில் கிளிபனாரியஸ், டயோஜினிஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை பரவலாகக் காணப்படுகின்றன. புதிதாக அமைத்த தொட்டியில் விடப்படும் துறவி நண்டுகள் பல, சில வாரங்களிலேயே இறந்துவிடுகின்றன. தெளிவாகத் தெரியும் நீர் வாழத் தகுந்த நீராக இல்லாததும், புதிய தொட்டியில் இயற்கை உணவு இல்லாததும் இதற்கு முதன்மைக் காரணங்கள்.

உடலமைப்பு

இதன் முன்பகுதி கடினமானது. வயிற்றுப்பகுதி மென்மையாகவும் சற்று முறுக்கியும் இருக்கும். முதல் இணைக் கால்கள் இடுக்கிகள். அடுத்த இரண்டு இணைகள் நடக்கவும், கடைசி இரண்டு சிறிய இணைகள் ஓட்டைப் பற்றிக்கொள்ளவும் பயன்படுகின்றன. நிலத்தில் வாழும் துறவி நண்டுகளும் (சீனோபிட்டா பேரினம்) உண்டு. அவை காற்றைச் சுவாசிப்பவை. நீருக்குள்ளேயே வைத்தால் மூழ்கி இறந்துவிடும். எனவே வாங்கும்போது இரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம்.

தொட்டியைப் பக்குவப்படுத்துதல்

கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு; நைட்ரேட்டின் தீங்கு குறைவு. கடல்நீர் காரத்தன்மை உடையதால் (பி.எச். சுமார் 8.2) அதில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை நன்னீரில் இருப்பதைவிட அதிகம். போதிய பாக்டீரியா பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இந்தக் காலத்தில் உயிர்கள் எதையும் விடாமல், சிறிதளவு உணவை மட்டும் இட்டு வடிகட்டியை இயக்க வேண்டும். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக வந்த பிறகே நண்டை விடலாம். அப்போதும் தொட்டி நீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, சுமார் ஒரு மணி நேரம் பழக்கிய பின் விடுவது நல்லது.

உப்பும் வெப்பமும்

ஊரப்பாக்கம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீருமே பெரும்பாலும் பயன்படுகின்றன. இவற்றின் தரம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஆர்.ஓ. நீரில் கடல் மீன்தொட்டிகளுக்கான உப்பைக் கரைப்பதே பாதுகாப்பானது. சமையல் உப்பில் கால்சியம், மக்னீசியம் போன்றவை போதிய அளவில் இல்லை. கிழக்கே கோவளத்தில் கடல்நீர் கிடைக்கும் என்றாலும், அருகில் முட்டுக்காடு முகத்துவாரம் உள்ளதால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கு நன்னீர் கலந்து நீர் கலங்கலாக இருக்கக்கூடும்.

நீரின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரையும், வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையும் இருப்பது ஏற்றது. கோடையில் நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மேலே சிறு மின்விசிறி வைத்தால் சூடு தணியும். ஆனால் நீர் விரைவாக ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லை. லிட்டருக்கு 35 கிராம் வீதம் 50 லிட்டரில் 1,750 கிராம் உப்பு இருக்கும். 5 லிட்டர் ஆவியானால் மீதி 45 லிட்டரில் அது லிட்டருக்குச் சுமார் 39 கிராமாக உயர்ந்துவிடும். ஆகவே ஆவியான அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே தினமும் ஊற்ற வேண்டும்.

உணவு

துறவி நண்டுகள் பாசியையும் மட்கும் பொருள்களையும் தின்று தொட்டியைத் துப்புரவு செய்பவை எனப் பெயர் பெற்றவை. புதிய தொட்டியிலோ பாசி இராது. எனவே வாரம் இரண்டு, மூன்று முறை மூழ்கும் குருணைத் தீவனம், உலர்ந்த கடற்பாசி, உப்பும் மசாலாவும் சேராத இறால் துண்டு ஆகியவற்றில் ஒன்றைச் சிறிதளவு கொடுக்கலாம். சில மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் அதுவே அம்மோனியாவாக மாறும்.

ஓடுகளும் தோலுரித்தலும்

நண்டு வளர்ந்தாலும் ஓடு வளராது. காலி ஓடுகள் இல்லாவிட்டால் நண்டுகள் சண்டையிட்டு ஒன்றன் ஓட்டை மற்றொன்று பறிக்கும்; நத்தைகளைக் கொல்வதும் உண்டு. ஒவ்வொரு நண்டுக்கும் இப்போதைய ஓட்டைவிடச் சற்றுப் பெரிய ஓடுகள் இரண்டு, மூன்றையாவது நன்கு கழுவி இட வேண்டும். வண்ணம் பூசியவை கூடாது.

நண்டு தோலுரிக்கும்போது பழைய தோல் முழு நண்டு வடிவிலேயே கிடக்கும். இதைப் பிணம் எனக் கருதி ஓட்டையும் சேர்த்து எறிந்துவிடக் கூடாது. பழைய தோல் உள்ளீடற்று, மணமின்றி இருக்கும். இறந்த நண்டு நாறும். நண்டு ஓட்டை விட்டு வெளியேறி வெறுமனே திரிந்தால் அது நீர் கெட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம். உடனே சோதிக்க வேண்டும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குப் பயன்படும் செம்பு கலந்த மருந்துகள் நண்டுகளைக் கொன்றுவிடும்.

சட்டம்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியல்களில் பவளங்களும் சில சங்கு, சிப்பி இனங்களும் இடம்பெற்றுள்ளன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் உயிர்களைச் சேகரிக்கக் கூடாது. கடற்கரையில் கிடக்கும் காலி ஓடு, அங்குள்ள துறவி நண்டு ஒன்றின் அடுத்த வீடு என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.