நின்ற மரமும் வெட்டிய மரமும்

காவிரியாறு பவானியையும் ஈரோட்டையும் கடந்து தென்கிழக்கு நோக்கி வருங்கால், அதன் இடக்கரையில் விளங்கும் ஊர்களுள் ஒன்று ஜேடர்பாளையம். அங்கு ஆற்றின் குறுக்கேயுள்ள படுகை அணையும், அதினின்று பிரியும் இராஜவாய்க்காலும் அல்லாள இளைய நாயக்கர் என்னும் தலைவரால் ஆக்கப்பெற்றன என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவ்வாய்க்கால் நீரால் கரும்பும் வெற்றிலையும் வாழையும் தென்னையும் செழிக்கின்றன. நீர் எட்டாத மேட்டாங்காடுகளிலும், வரப்பு ஓரங்களிலும், கிணற்றடிகளிலும் வேம்பும் புளியும் வாகையும் பனையும் நிற்கின்றன. அண்மைக் காலத்தில் தேக்கும் மலைவேம்பும் சவுக்கும் அவற்றோடு சேர்ந்துள்ளன.

இவ்வூர்ப் புறத்துக் குடியானவர் கணக்கறியாதவர் அல்லர். கரும்பை டன் கணக்கில் எடைபோட்டுத் தருவார். வெல்லத்தைச் சிப்பக் கணக்கில் சந்தைக்கு அனுப்புவார். வெற்றிலையையோ கவுளி கவுளியாக அடுக்கி எண்ணி விற்பார். இலையை எண்ணி விற்கும் அவரே, முப்பது ஆண்டு நின்று முற்றிய மரத்தை விற்கும்போது மட்டும் எண்ணுவதுமில்லை, அளப்பதுமில்லை. மகளுக்குத் திருமணம் என்றோ, மகனுக்குக் கல்லூரிச் சம்பளம் என்றோ, கிணறு வற்றிற்று என்றோ பணமுடை நேர்ந்தவுடன் வியாபாரியை அழைக்கிறார். அவர் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்து, குத்துமதிப்பாக ஒரு தொகை கூறி, அச்சாரம் கொடுத்துச் செல்கிறார். இதன் பயனாக நேரும் நட்டம் பெரும்பாலும் வியாபாரியின் வஞ்சத்தால் வருவதன்று. சில சொற்களின் பொருளை விற்பவர் அறியாமையால் வருவது. அச்சொற்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் மாணவருட் பலர் இத்தகைய தோட்டங்களுக்கு உரியோர் மக்களாதலின், இது அவர்க்குப் புறம்பான செய்தியன்று.

முதலாவது, மரம் என்பது யாது? தொல்காப்பிய மரபியல், வயிரம் உள்ளே அமைந்தவற்றை மரம் என்றும், புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும் வகுத்தது. அம்முறைப்படி தேக்கும் வேம்பும் மரம். பனையும் தெங்கும் மூங்கிலும் புல். இது பழம்புலவர் வகுப்பு மட்டுமன்று. மரக்கடைக்காரர் இன்றும் விலை சொல்வது இதனைப் பற்றியே. அடிமரத்தை அறுத்துப் பார்த்தால், நடுவே நிறம் செறிந்து விளங்குவது வயிரம். அதனைச் சூழ்ந்து வெளுத்துத் தோன்றுவது வெளிறு. வெளிற்றைச் செல்லும் பூச்சியும் எளிதில் அரிக்கும். ஆதலின் தேக்கு முதலியவற்றின் மதிப்பு பெரும்பாலும் வயிரத்தின் அளவைப் பொறுத்தது. இளமையில் வெட்டிய தேக்கில் வெளிறு மிகுதி. அவசரத்தால் முற்றாத மரத்தை வெட்டுவோர் பருமனில் இழப்பதோடு தரத்திலும் இழக்கின்றனர்.

சட்டம் கூறும் வகுப்பு வேறு. நம் மாநிலத்தில் இன்றும் வழங்குவது 1882-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கென இயற்றப்பட்ட வனச்சட்டமே. அது நிற்கும் மரத்தையும், விழுந்த அல்லது வீழ்த்தப்பட்ட மரத்தையும் வேறுவேறாகக் கருதுகின்றது. வீழ்ந்த மரமும், அறுத்தோ செதுக்கியோ குடைந்தோ எவ்வடிவிற் கிடப்பினும், வெட்டுமரம் என்னும் வகையில் அடங்கும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும். சமவெளிப் பட்டா நிலத்தில் நிற்கும் சாதாரண மரத்தைப் பற்றிச் சட்டம் மிகுதியாகத் தலையிடுவதில்லை. அம்மரம் வீழ்ந்து வண்டியேறிச் சாலைக்கு வரும்போதுதான் சட்டம் விழித்துக்கொள்ளுகின்றது. இதற்குக் காரணம் யாதெனில், காட்டிற் களவாடிய தேக்கும் தோட்டத்தில் வளர்த்த தேக்கும் வண்டியின்மேற் கிடக்கும்போது ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறியச் சான்று வேண்டும். அச்சான்றே வழிச்சீட்டு எனப்படும் போக்குவரத்து அனுமதிச்சீட்டு. 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வெட்டுமரப் போக்குவரத்து விதிகள் இதனை ஒழுங்குசெய்கின்றன. மரத்தின்மேற் பதிக்கும் உடைமைக்குறியும் இவ்வகைச் சான்றேயாம். ஆகவே வழிச்சீட்டைக் குடியானவருக்குப் பகையென்று எண்ணுதல் பொருந்தாது. அது அவர் மரம் அவருடையதே என்று வழியிற் சொல்லும் சாட்சி.

இனி, இரண்டாவதாக அறியவேண்டுவது, மரம் நிற்கும் நிலம் யாருடையது என்பது. ஆற்றங்கரையூர்களில் இக்கேள்வி பெரிதும் இன்றியமையாதது. படுகையும் வாய்க்காற் கரையும் பாதையோரமும் பெரும்பாலும் புறம்போக்கு. தன் பாட்டனார் நட்டார், தன் தந்தையார் நீரூற்றினார் என்பதனால் புறம்போக்கு மரம் ஒருவர்க்கு உரிமையாகிவிடாது. இங்கே ‘2சி பட்டா’ என்னும் சொல் பலரை மயக்குகின்றது. அது நிலத்திற்குப் பட்டா அன்று. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தின் பலனைத் துய்ப்பதற்கு அளிக்கப்படும் உரிமை. புளியம்பழத்தை உலுக்கிக் கொள்ளலாம். புளிய மரத்தை வெட்டி விற்றல் அவ்வுரிமையில் அடங்காது. கூட்டுப்பட்டாவாயின், பங்காளிகள் அனைவரும் ஒப்பாமல் ஒருவர் விற்ற மரம் வழக்கிற்கு விதையாகும். வரப்பின்மேல் நிற்கும் மரத்திற்கோ, வெட்டுமுன் நிலத்தை அளந்து எல்லை காணுதல் நலம். சிட்டாவும் அடங்கலும் நிலவரைபடமும் கையிலிருத்தல் வேண்டும் என்று பெரியோர் கூறுவது இதனாலேதான்.

மூன்றாவது, மரத்தின் சாதி. எல்லா மரத்திற்கும் விதி ஒன்றன்று. சந்தனம் நெடுங்காலம் தனி விதிகளுக்கு உட்பட்டிருந்தது. தன் நிலத்தில் தானே முளைத்தாலும் உடையவன் அதனைத் தன்னதென்று சொல்லத் தயங்கினான். அதனால் மக்கள் சந்தனக் கன்றைக் கண்டால் அஞ்சிப் பிடுங்கி எறிந்ததும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் திருத்தத்தால் பட்டா நிலச் சந்தனத்தின் உரிமை நிலமுடையோர்க்கு ஆயிற்று. 2008-இல் அதற்கெனத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. ஆயினும் வனத்துறையை அறியாது அதனை வெட்டலாகாது. ஈட்டி அல்லது நூக்கு எனப்படும் மரத்தைக் காத்தற்பொருட்டு 1994-இல் காலவரம்பு குறித்து ஒரு சட்டம் செய்யப்பட்டது; அத்தகைய மரத்தை உடையோர் வெட்டுமுன் அப்போதைய நிலையை வன அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். தேக்கிற்கும் அவ்வாறே. இனி, தொல்காப்பியர் புல் என்று வகுத்த பனையைப் பற்றியும் ஒரு சொல்: பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் மாநில வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. செங்கற் சூளைக்கு விறகாகப் பனை அழிந்ததைக் கண்டோர் இவ்வறிவிப்பின் பொருளை உணர்வர்.

மலைப்பகுதியென அறிவிக்கப்பட்ட ஊர்களின் நிலை வேறு. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டம் அங்கே மரத்தை வெட்டுவதையே கட்டுப்படுத்துகின்றது. தனியார் காடுகளுக்கு 1949-ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. ஜமீன்கள் ஒழிக்கப்படுங் காலத்தில், கைவிட்டுப் போகுமுன் காட்டை வெட்டிக் காசாக்கிக் கொள்ளும் வேகத்தைத் தடுத்தற்கு அத்தகைய சட்டம் வேண்டியிருந்தது. ஆகவே சமவெளியூரான் ஒருவன், மலைமேலுள்ள உறவினனுக்குத் தன் ஊர் வழக்கத்தைக் கொண்டு ஆலோசனை சொல்லுதல் ஆபத்தாகும்.

நான்காவது, விற்பனையின் தன்மை. 1882-ஆம் ஆண்டின் சொத்துமாற்றுச் சட்டப்படி, நின்றமரம் அசையாச் சொத்தன்று. மண்ணில் வேரூன்றி நிற்பது எங்ஙனம் அசையும் சொத்தாகும் என்று கேட்கலாம். விரைவில் வெட்டி எடுக்கும் கருத்தோடு விற்கப்படுவதும், வேலைக்குத் தக்கபடி முற்றியதுமான மரமே சட்டத்தில் ‘நின்றமரம்’ எனப்படும். அது ஏறக்குறைய வெட்டிய மரமாகவே எண்ணப்படுகின்றது. மாறாக, வாங்கியவன் அதனைப் பல்லாண்டு நிலத்திலேயே விட்டு வளரச்செய்து வெட்டிக்கொள்ளலாம் என்று எழுதினால், அவன் மரத்தோடு மண்ணின் சத்தையும் வாங்குகிறான். அது அசையாச் சொத்தில் உரிமையாகிவிடும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அத்தகைய உரிமை பதிவுபெற்ற பத்திரத்தாலன்றி மாறாது.

இதற்கு உச்சநீதிமன்றத்தில் 1958-இல் தீர்ந்த சாந்தாபாய் வழக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பழைய மத்திய மாகாணப் பகுதியில் ஒரு நிலக்கிழார் தம் காடுகளிலுள்ள மரங்களைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் வெட்டிக்கொள்ளுமாறு தம் மனைவியார்க்கு 1948-இல் ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தார். அது பதிவு செய்யப்படவில்லை. பின்னர் நிலங்கள் அரசைச் சேர்ந்தன. அம்மையார் தம் உரிமையை வேண்டி நீதிமன்றத்தை அடைந்தும் பயன்பெறவில்லை. நீதிபதி விவியன் போஸ் தம் தீர்ப்புரையில் மரத்திற்கும் நின்றமரத்திற்குமுள்ள வேற்றுமையைத் தெளிவாக ஆராய்ந்தார். நம் குடியானவர் இதனாற் கொள்ளவேண்டிய பாடம் யாது? மரத்தை விற்கும் ஒப்பந்தத்தில் ‘இன்ன தேதிக்குள் வெட்டி அகற்றுதல் வேண்டும்’ என்னும் ஒரு வரி இன்றியமையாதது என்பதே. அவ்வரி இல்லையேல், அச்சாரம் வாங்கிய மரம் ஆண்டுகள் பல நிற்கும். விலை ஏறியதன் ஊதியம் ஒருவர்க்கும், நிழலால் பயிர் குன்றிய நட்டம் மற்றொருவர்க்கும் ஆகும்.

ஐந்தாவதும் முதன்மையானதும் அளவை. உருட்டுமரத்தை அளக்கும் கால்சுற்று முறை, 1736-இல் எட்வர்டு ஹாப்பஸ் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட அட்டவணையால் ஹாப்பஸ் அளவை எனப் பெயர்பெற்றது. தடியின் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவதே அம்முறை. நடுச்சுற்று 4 அடியும் நீளம் 10 அடியும் உள்ள தடியொன்றைக் கொள்வோம். நான்கிலொன்று 1 அடி. ஆகவே கனம் 10 கன அடி. ஆனால் வட்டக் கணிதப்படி அத்தடியின் உண்மையான கனம் ஏறக்குறைய 12¾ கன அடி. நூற்றுக்கு இருபத்தொன்றுக்கு மேல் இம்முறையில் விடுபட்டுப் போகின்றது. இது வஞ்சமா? அன்று. உருட்டுமரத்தைச் சதுரமாக அறுக்குங்கால் வீணாகும் புறச்சிராய்க்கு ஈடாக வைத்த கழிவு அது. ஆனால் விலை எந்த அளவைக்குச் சொல்லப்படுகின்றது என்பதை இருவரும் ஒன்றாக அறிந்திருத்தல் வேண்டும். ஹாப்பஸ் கன அடி ஒன்றின் விலையும் மெய்க்கன அடி ஒன்றின் விலையும் ஒன்றாகா.

பட்டையையும் கருதவேண்டும். மேற்கூறிய தடியில் அரை அங்குலக் கனமுள்ள பட்டையை உரித்தால் சுற்றளவு மூன்று அங்குலத்திற்குச் சற்று மேற்படக் குறையும். கனம் 10-இலிருந்து 8¾ கன அடிக்கு இறங்கும். பட்டையோடு அளப்பதா, உரித்து அளப்பதா என்று முன்னரே பேசாதவர் வெட்டிய பின்னர்ப் பேசிப் பயனில்லை. நிற்கும் மரத்தை மதிப்பிடுவோர் தரையினின்று 1.37 மீட்டர் உயரத்தில், அஃதாவது மார்பளவில், சுற்றளவு எடுப்பது நம் நாட்டு வனத்துறை வழக்கம். ஒரு கயிறும் அடிக்கோலும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இதனைச் செய்யலாம்.

காகிதக்கூழுக்குச் செல்லும் மரம் கனத்தாலன்றி எடையால் விற்கப்படும். ஜேடர்பாளையத்திற்கு மேலே பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலையும், கீழே ஆற்றின் அக்கரையில் புகழூரை அடுத்துத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையும் இருத்தலின் சவுக்கும் தைலமரமும் இப்பக்கங்களில் டன் கணக்கில் விலைபோகின்றன. பச்சைமரம் நாள் செல்லச் செல்ல நீர்வற்றி எடை குறையும். வெட்டிய மரம் களத்திற் கிடந்தால் அந்நாட்களின் நட்டம் விற்பவர்க்கே. ஆகவே எந்த எடைமேடை, எத்தனை நாளுக்குள் என்பன இங்கே விலையைப் போலவே முக்கியம்.

அண்மையில் நடுவண் அரசு இவ்விதிகளை எளிதாக்க முயன்றுவருகின்றது. 2023 டிசம்பரில் நாடெங்கும் செல்லத்தக்க வழிச்சீட்டு முறை கணினி வாயிலாகத் தொடங்கப்பட்டது. 2025 ஜூன் மாதத்தில் விளைநிலத்து மரங்களை வெட்டுதற்கான மாதிரி விதிகள் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டன. விதிகள் எளிதாகுங்கால் அறிவின் தேவை குறையாது. அலுவலகத்தார் கேளாத கேள்விகளை உடையவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவராவர்.

சாலொமோன் எருசலேமில் ஆலயம் எடுப்பித்தபோது தீருவின் அரசனாகிய ஈராமோடு செய்த உடன்படிக்கையை நம்மிற் பலர் வேதாகமத்தில் வாசித்திருக்கின்றோம். அதனை மரவிற்பனை ஒப்பந்தமாக நோக்கினால் வியப்பு மிகும். இன்ன மரம் என்பது அதிற் சொல்லப்பட்டது. வெட்டுவோர் யார், அவர் கூலி யாரைச் சார்ந்தது என்பது சொல்லப்பட்டது. கடல்வழியே தெப்பமாகக் கட்டிக் கொணர்ந்து, குறித்த இடத்தில் அவிழ்த்து ஒப்புவிப்பது என்பது சொல்லப்பட்டது. அதற்கு ஈடு யாது என்பதும் சொல்லப்பட்டது. அரசர்க்கு அரசர் நண்பராயிருந்தும் இவற்றுள் ஒன்றையும் அவர்கள் நட்பிற்கென்று விட்டுவைக்கவில்லை.

ஜேடர்பாளையத்துத் தோட்டத்தில் நிற்கும் பத்துத் தேக்கிற்கும் இவ்வளவே வேண்டும்: மரத்தின் சாதியும் எண்ணும், நிலத்தின் சர்வே எண், அளவை முறை, வெட்டுக்கூலியும் வழிச்சீட்டும் யார் பொறுப்பு என்பது, ஒப்புவிக்கும் இடம், தவணை, அகற்றவேண்டிய தேதி. அரைத்தாளில் அடங்கும் செய்தி. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர் தம் தந்தையாரோடு கயிற்றைப் பிடித்துச் சுற்றளவு எடுத்து, இவ்வரைத்தாளை எழுதிக்கொடுப்பாராயின், தாம் கற்ற கணிதமும் தமிழும் தம் வீட்டிற்கு முதன்முதலாகப் பயன்பட்ட நாள் அதுவாகும்.