வண்டல் வைத்திருக்கும் வெள்ளக் கணக்கு

ஆற்றோர நிலத்தில் கிணறு வெட்டும்போது மேலே வண்டல், கீழே பொடிமணல், மறுபடியும் வண்டல் என்று அடுக்கடுக்காக மண் வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவற்றில் பல, என்றோ வந்துபோன வெள்ளம் விட்டுச் சென்றவை. அந்த அடுக்குகளைப் படித்தே பழைய மழைக் காலங்களைக் கணக்கிடுகிறார்கள் விஞ்ஞானிகள்.

நர்மதை ஆற்றில் இந்த ஆய்வைச் செய்தவர்களில் புனே பல்கலைக்கழகத்தின் விஸ்வாஸ் காலே, அமெரிக்காவின் விக்டர் பேக்கர் முக்கியமானவர்கள். ஆய்வு முடிவுகள் 1996-ல் வெளிவந்தன.

பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறு, வெள்ளக் காலத்தில் பக்கவாட்டில் பரவ முடியாமல் உயரே ஏறும். ஓடைகள் வந்து சேரும் இடத்தில் அந்த நீர் எதிரேறித் தேங்கும். வேகம் அடங்கியதும் நுண்மணலும் வண்டலும் படியும். அடுத்த வெள்ளம் வரும்வரை அதன்மேல் சருகு, கரித்துண்டு, சரிவிலிருந்து உருண்டுவரும் மண் சேரும். இப்படி வெள்ளத்துக்கு ஓர் அடுக்கு.

கரித்துண்டில் உள்ள கார்பன்-14 அளவை வைத்து அடுக்கின் வயதை அறியலாம். கரி கிடைக்காத இடத்தில், மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்பதை ஒளிச் சோதனை சொல்லிவிடும். அடுக்கு இருக்கும் உயரத்துக்குக் குறையாமல் வெள்ளம் ஏறியிருக்க வேண்டும். அதோடு ஆற்றின் அகலம், சரிவு சேர்ந்தால் எவ்வளவு நீர் போனது என்றும் கணக்கிடலாம்.

நர்மதையில் கிடைத்தது சுமார் 1,700 ஆண்டுக் கணக்கு. பெருவெள்ளம் சீராக வரவில்லை. பருவமழை மாறமாற, வெள்ளத்தின் போக்கும் மாறியிருக்கிறது. 1950-க்குப் பிறகு பெருவெள்ளங்கள் கூடியிருப்பதும் தெரிந்தது.

இது விவசாயிக்கு எதற்கு? அணையின் மதகு, பாலம், கரை எல்லாமே 'எவ்வளவு வெள்ளம் வரும்' என்ற கணக்கில்தான் கட்டப்படுகின்றன. பல ஆறுகளில் அளவுப் பதிவு சில பத்தாண்டுகளுக்கே உண்டு. அந்தக் காலம் அமைதியாக இருந்திருந்தால் கணக்கு குறைந்துவிடும். தப்புக்கான விலையைத் தருவது கரையோர வயல்தான். ஆற்றுப்படுகையை வெட்டி மண் அள்ளும்போது இந்தப் பதிவும் சேர்ந்தே போகிறது.

அடுத்த முறை கிணறோ குழியோ வெட்டினால் பக்கச் சுவரைக் கவனியுங்கள். எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் வண்டல் என்று குறித்து வையுங்கள். வெள்ளம் உங்கள் நிலம்வரை வந்த வரலாறும், வடிகால் எங்கே தடைபடும் என்பதும் அதிலேயே இருக்கும்.